சின்னாளபட்டிக்கு மேலே ஒரு கோடு

வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம். நலந்தானே? வெயில் இப்போதே பல்லைக் காட்டுகிறது. காலையில் ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டு வெளியே கிளம்புங்கள். தொண்டை கட்டியவர்கள் சுக்கைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே வாசியுங்கள், கதை கொஞ்சம் உயரத்துக்குப் போகும்.

திண்டுக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஸ்டான்லிக்கு அறுபது வயது ஆகப்போகிறது. வெறும் எஞ்சினும் சட்டமுமாக வருகிற லாரிக்கு மரமும் தகரமும் அடித்து, பின்னால் மயில் படம் வரைந்து அனுப்புவார். அவர் கட்டிய லாரிகள் அசாம் வரைக்கும் போய் வந்தன. அவர் போனது திருச்சி வரைக்கும்தான். பிள்ளைகள் எல்லாம் கரையேறிய பிறகு ஒருநாள், இனி நாமும் எங்காவது போகலாமே என்று தோன்றியது. மற்றவர்களாக இருந்தால் காசிக்குப் போயிருப்பார்கள், வேளாங்கண்ணிக்குப் போயிருப்பார்கள். ஸ்டான்லி விமானம் ஓட்டப் படித்தார்.

படித்து, பரீட்சை எழுதி, தனியாக விமானம் ஓட்டும் லைசென்ஸும் வாங்கினார். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் வெங்காயம் போட்டு நொந்துபோன ஒருவரின் தரிசு நிலத்தைச் சீர்செய்து, நான்கு தூண் நட்டு, மேலே தகரம் போட்டு, இரண்டு பேர் உட்காரும் ஒரு பழைய குட்டி விமானத்தை வாங்கி நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவார். மனைவி இன்னாசியம்மாளுக்கு அந்த விமானத்தைக் கண்டாலே ஆகாது.

"வீட்டுல மிக்ஸி ஓடலைன்னு மூணு மாசமாக் கத்துறேன், அதைத் திரும்பிப் பாக்க ஆளில்ல. ஆகாசத்துல ஓடுறதுக்கு மட்டும் வாராவாரம் எண்ணெய் போட்டுத் தொடைக்கிறீக" என்பார்.

இப்படி ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த மனிதரை வம்பில் மாட்டிவிட்டது பள்ளிக்கூடத் தோழர் ஆண்டிச்சாமி. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம். அந்த வருடம் அங்கே பெருமாள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவர்தான் கமிட்டித் தலைவர்.

"மாப்ளே, போன வருசம் பக்கத்து ஊர்க்காரய்ங்க டிரோன் வச்சுப் பூப் போட்டாய்ங்க. ஒரு கையளவு பூ. அதுலயும் பாதி கரண்டுக் கம்பியில சிக்கிக்கிருச்சு. எங்க கோயிலுக்கு நீ வந்து கூடைகூடையாக் கொட்டணும்."

"நான் வேதக்காரன்டா. உங்க அய்யரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"பூவுக்கு என்னடா வேதம்? ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்க. கும்பத்துல தண்ணி ஊத்துற நேரம் கருடன் வரும். அது கோபுரத்தைச் சுத்தி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க போயிறாத. அதுக்கு மேலயும் பறந்துறாத. ஒதுங்கி நின்னுக்க."

"ஆகாசத்துல எங்கிட்டுடா ஒதுங்கி நிக்கிறது?"

"ரோட்டுல சப்பரம் வந்தா வண்டிய ஓரங்கட்ட மாட்டியா? அப்பிடித்தான்."

ஸ்டான்லிக்கு அது விளங்கியது. சாமி ஊர்வலம் வந்தாலும், சவ ஊர்வலம் வந்தாலும், தேர்ப்பவனி வந்தாலும் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நிற்கிற ஊர்தான் இது. அதை வானத்தில் செய்து பார்த்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

கும்பாபிஷேகத்தன்று சொன்ன நேரத்துக்குச் சின்னாளபட்டிக்கு மேலே வந்து சேர்ந்தார். பக்கத்து சீட்டில் ஒரு பழைய சுங்குடிச் சேலையில் மூட்டையாகக் கட்டிய பூ. கீழே ஜனம் எள் போட்டால் விழாது. அய்யர் குடத்தைத் தூக்கினார். அதே நேரம் செம்பு நிற இறக்கையும் வெள்ளைத் தலையுமாகக் கருடன் வந்தது. ஜனம் போட்ட கோவிந்தா சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறி மேலே கேட்டது. ஸ்டான்லி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒற்றைக் கையால் ஒரு கும்பிடும் போட்டார். மற்றொரு கை விமானத்தைப் பிடித்திருந்தது.

பிறகு இடப்பக்கமாக ஓரங்கட்டினார். கருடனும் அதே பக்கம் வந்தது. மரியாதை கருதி இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். அதுவும் வட்டத்தைப் பெரிதாக்கியது. அவர் ஒதுங்க, அது வர, அது வர, அவர் ஒதுங்க, அம்பாத்துரை போகிற சாலை கீழே தெரிந்தபோது பூ மூட்டையின் முடிச்சு அவிழ்ந்து, பூக் கொட்டத் திறந்து வைத்திருந்த ஜன்னல் வழியே அத்தனை பூவும் ஒரு எருமை மந்தையின் மேல் கொட்டியது.

சின்னாளபட்டிக்கு மேலே வானத்தில் ஒரு கோடு இருக்கிறது. அந்தப் பக்கம், பெரிய விமானங்கள் ஏறி இறங்குவதற்காக ஒதுக்கிய வானம். கட்டுப்பாட்டு வான்வெளி என்று பெயர். கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது. நியாயமான விதிதான், யாரும் குறை சொல்லவில்லை. ஸ்டான்லிக்கும் அது தெரியும். கருடனைப் பார்த்த கண் மேப்பைப் பார்க்கவில்லை, அதுதான் நடந்தது.

ரேடியோவில் ஒரு குரல் வந்தது. "நீங்கள் அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் இருக்கிறீர்கள். காரணம் சொல்லுங்கள்."

"கருடன் வந்துருக்கு சார். செத்த நேரம் பொறுத்துக்கங்க. அது போனதும் நானும் போயிர்றேன்."

பிறகு குரல் கேட்டது: "கருடனிடம் அனுமதி இருக்கிறதா?"

அன்று அந்த வானத்தில் வேறு எந்த விமானமும் இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஸ்டான்லி பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கினார். இறங்கிய இடத்தில் ஜீப் நின்றது.

ஜீப்பில் வந்தவர் வான்வெளி ஒழுங்கு மண்டல அலுவலகத்தின் கண்காணிப்பாளர் விக்னேஷ்குமார். தலையில் முடியை விட யோசனை அதிகமாக இருந்த மனிதர். விமானத்துக்கு சீல் வைக்க வந்திருந்தார். கையில் ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டு. விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் பூட்டை மாட்டுவதற்கு ஒரு கொண்டியும் அகப்படவில்லை.

"விமானத்துக்குப் பூட்டுப் போட வசதி இல்லேன்னா, அது இருக்கிற கட்டடத்தைப் பூட்டணும்னு விதி இருக்கு" என்றார்.

"இது கட்டடம் இல்ல சார். நாலு தூணும் தகரமும். சொவரே கிடையாது."

"சொவரு இல்லாதது உங்க குத்தம்."

இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு சங்கிலியைக் கட்டி, அதில் பூட்டை மாட்டி, மெழுகு உருக்கி முத்திரை குத்தினார். பூட்டுக்கு இரண்டு பக்கமும் ஆடுகள் போய் வந்துகொண்டிருந்தன. முத்திரை காயும் வரைக்கும் அவர் பக்கத்திலேயே காவல் நின்று, சங்கிலியைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார்.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. ஆண்டிச்சாமி, "என்னால வந்த வம்பு மாப்ளே, நானும் வாரேன்" என்று கூடவே கிளம்பினார். வானத்தை ஆளும் அந்த அலுவலகம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே முதல் மாடியில், வானமே தெரியாத ஒரு ஹாலில் இருந்தது. இருந்த ஒரு ஜன்னலையும் பீரோ வைத்து மறைத்துவிட்டார்கள். கூரை எவ்வளவு தாழ்வு என்றால், மின்விசிறிக்குக் கீழே நிமிர்ந்து நிற்கக் கூடாது என்று ஒரு அட்டை தொங்கியது.

மண்டல அதிகாரி சொர்ணலட்சுமி அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விதியைக்கூட வளைத்ததில்லை என்று பெயர் எடுத்தவர். அவருக்குப் பின்னால் பெரிய வரைபடம், அதில் சின்னாளபட்டியின் மேலே தடித்த சிவப்புக் கோடு.

"மிஸ்டர் ஸ்டான்லி, வானம் பொதுச் சொத்துன்னு ஜனங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க. நிமிர்ந்து பார்த்தா தெரியுது, அதனால நமக்கும் சொந்தம்னு ஒரு எண்ணம். பார்க்கிறதுக்கு நாங்க இதுவரைக்கும் கட்டுப்பாடு விதிக்கலை. அது எங்க பெருந்தன்மை. அதை நீங்க தப்பாப் பயன்படுத்திட்டீங்க."

"தெரியாம நடந்துபோச்சும்மா."

"தெரிஞ்சு நடந்திருந்தா எங்களுக்கு வேலை சுலபம். தெரிஞ்சு செய்றவங்களுக்குத் தனி செக்‌ஷன் இருக்கு. தெரியாமச் செய்றவங்களாலதான் இந்த அலுவலகமே நடக்குது."

ஆண்டிச்சாமி வரைபடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, அந்தக் கோடு எங்க வீட்டு மேலயில்ல போகுது?"

விக்னேஷ்குமார் எழுந்து போய் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். "ஆமா மேடம். அடுப்படி கட்டுப்பாடு இல்லாத பகுதி. மொட்டை மாடியில தெக்கு மூலை கட்டுப்பாட்டுக்குக் கீழ."

"எங்க வீட்டுக்காரி அங்கதான் வத்தல் காயப் போடுறா."

"வத்தல் எவ்வளவு உயரம்?" என்றார் சொர்ணலட்சுமி அம்மா.

"தரையோட தரையாத்தாம்மா கிடக்கும். காக்கா தூக்கிட்டுப் போனாத்தான் மேல போகும்."

அதிகாரி, விக்னேஷ்குமாரைப் பார்த்தார். விக்னேஷ்குமார் குறித்துக்கொண்டார். மறு வாரம் ஆண்டிச்சாமி வீட்டுக்கு, வற்றல் காயும் நேரங்களில் காக்கையை விரட்ட ஒரு பொறுப்பான நபரை நியமிக்கும்படி அறிவுரை போனது. ஆண்டிச்சாமியின் மனைவி அதற்கு மாமியாரை நியமித்தார். வீட்டில் அதனால் வந்த சண்டை வேறு கதை.

அடுத்த விசாரணையில் பூவை எடுத்தார்கள். கட்டுப்பாட்டு வான்வெளியில் இனந்தெரியாத பொருள் கொட்டப்பட்டிருக்கிறது என்று புகார். எருமைகள் மேய்ந்தது போக மீதியைப் பொறுக்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கையை விக்னேஷ்குமார் நின்றுகொண்டே வாசித்தார்.

"ரோஜா, சாமந்தி, சம்பங்கி. கொஞ்சம் மரிக்கொழுந்து."

"மரிக்கொழுந்தா?" சொர்ணலட்சுமி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஸ்டான்லி, உங்க வாக்குமூலத்துல மரிக்கொழுந்து வரலை."

"எனக்கே தெரியாதும்மா. பூக்கடைக்காரம்மா வாசத்துக்குப் போட்டு விட்டுருக்கும்."

"வாசத்துக்கு!" என்று அவர் திரும்பச் சொன்ன விதத்தில் ஸ்டான்லிக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்கிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் லைசென்ஸ் இருக்கிறவருக்குப் புதுப்பிப்பது எளிது. அதை ரத்து செய்துவிட்டால் முதலிலிருந்து எல்லாம் படித்து, புது ஆளுக்கு வைக்கிற கடுமையான உடல் பரிசோதனையில் தேற வேண்டும். அவருடைய ரத்தக் கொதிப்புக்கு அதில் தேற வழியே இல்லை என்று டாக்டர் முன்னாடியே சொல்லிவிட்டார். ரத்து என்றால் இந்த ஜென்மத்துக்கு ரத்து. அப்புறம் மற்றவர்கள் போவதற்கு மயில் படம் வரைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஒருநாள் டீக்கடையில் விக்னேஷ்குமாரே ரகசியமாக வழி சொன்னார். "சார், உங்க கேஸ்ல பறந்தது ரெண்டு பேரு. நீங்க ஒண்ணு, கருடன் ஒண்ணு. யாராவது ஒருத்தர் மேல தப்பு எழுதிட்டா ஃபைலை மூடிரலாம். கருடன் என்னை வழிமறிச்சுக் கோட்டைத் தாண்ட வச்சுருச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. அதுக்கு லைசென்ஸே கிடையாது. ரத்துப் பண்றதுக்கு அதுகிட்ட ஒண்ணுமில்ல. யாருக்கும் நட்டமில்ல."

ஆண்டிச்சாமி துள்ளிக் குதித்தார். "எழுதிக் குடு மாப்ளே! பெருமாளையே சொமக்குது, இந்த ஒரு கேஸைச் சொமக்காதா? நான் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிச் சொல்லிர்றேன்."

ஸ்டான்லி வீட்டுக்கு வந்து இன்னாசியம்மாளிடம் சொன்னார். அந்த விமானத்தை இத்தனை நாளும் கரித்துக்கொட்டிய இன்னாசியம்மாள், எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டால் தன் மனம் லேசாகிவிடும் என்று ஸ்டான்லி நினைத்தார்.

"அது பாட்டுக்கு அது வழியில வந்துச்சா, இல்ல உங்க மேல வந்து முட்டுச்சா?"

"அது வழியிலதான் வந்துச்சு. நான்தான் ஒதுங்குறேன்னு போயிட்டேன்."

"அப்புறம் எப்பிடி அது மேல எழுதுவீக? வந்து பதில் சொல்லத் தெரியாதுன்னுதான? பட்டறையில வேலை பாக்குற பயலுக செஞ்ச தப்புக்கே மத்தவன் மேல பழி போட விட மாட்டீக." வெங்காயம் உரித்தபடியே சொன்னார். கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தாலா என்று ஸ்டான்லி கேட்கவில்லை. "இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும். அந்த மிக்ஸியவாச்சும் எடுத்துக்கிட்டுப் போயி ரிப்பேர் பாத்துக் கொண்டாங்க."

மறுநாள் ஸ்டான்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். கோட்டைத் தாண்டியது நான், கருடன் மேல் குற்றமில்லை, என்று இரண்டே வரி. விக்னேஷ்குமார் அதை வாசித்துத் தலையில் கை வைத்தார். சொர்ணலட்சுமி அம்மா வாசித்து, "முதல் தடவையா ஒரு ஆளு தெளிவா எழுதியிருக்காரு" என்று மெச்சி, லைசென்ஸை ரத்து செய்து ஆணை போட்டார்.

ஆணை டைப் ஆகி, கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்தது. ஸ்டான்லி அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"இங்க குடுக்க முடியாது" என்றார் சொர்ணலட்சுமி அம்மா. "ரத்து ஆணையைச் சம்பவம் நடந்த இடத்தில் வைத்து, மண்டல அதிகாரி நேரில் வழங்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்லுது. விமான நிலைய மதிலுக்குப் பக்கத்துல பட்டம் விட்டவருக்கு மதில்கிட்டப் போய்க் குடுத்தேன். ஓடுபாதையில மாடு மேச்சவருக்கு ஓடுபாதையில வச்சுக் குடுத்தேன். மாட்டுக்கும் ஒரு நகல் குடுத்தேன். உங்களுக்கும் சம்பவ இடத்துலதான் குடுப்பேன். விக்னேஷ்குமார், சம்பவ இடம் எது?"

விக்னேஷ்குமார் வரைபடத்தைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கூரையைப் பார்த்தார்.

"அம்பாத்துரை ரோட்டுக்கு மேல மேடம். ரொம்ப மேல."

அந்த வாரம் முழுக்க அலுவலகம் இதற்கு வழி தேடியது. சிறுமலைக்குப் போய்க் கொடுக்கலாம் என்றார் விக்னேஷ்குமார். உயரம் சரியாக இருந்தது, இடம் தப்பாக இருந்தது. அம்பாத்துரை ரோட்டிலேயே நின்று கொடுக்கலாம் என்றார்கள். இடம் சரியாக இருந்தது, உயரம் தப்பாக இருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணியைக் கேட்டு வாங்கி அதே ரோட்டில் நிறுத்தி, ஏணி உச்சியில் விக்னேஷ்குமாரை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு தென்னை மரத்தின் குலை வரைக்கும் போனார். மரத்துக்காரர் வந்து சத்தம் போட்டதால் இறங்கிவிட்டார்.

"சம்பவ இடத்துக்குப் போகணும்னா பறந்துதான் போகணும் மேடம்" என்றார் மூச்சு வாங்க.

"நம்ம மண்டலத்துல யார்கிட்ட விமானம் இருக்கு?"

"ஸ்டான்லிகிட்ட."

"ஓட்ட யாருக்கு லைசென்ஸ் இருக்கு?"

"ஆணையை வாங்குற வரைக்கும், ஸ்டான்லிக்கு."

சொர்ணலட்சுமி அம்மா கண்ணை மூடி யோசித்தார். விதியை வளைக்காமல் போக வேறு வழி இல்லை. பூட்டைத் திறக்க உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை காலையில் ரெட்டியார்சத்திரத்துக்கு வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத சேலை, கொண்டையில் ஒரு முழம் மல்லிகை, மார்போடு அணைத்த ஃபைல். விக்னேஷ்குமார் முத்திரையை உடைத்து, பூட்டைத் திறந்து, சங்கிலியை அவிழ்த்தார். ஆடுகள் நின்று வேடிக்கை பார்த்தன. ஸ்டான்லி அந்த அம்மாவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். மல்லிகை நசுங்காமல் ஹெட்போனை மாட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது.

"பயமா இருந்தாச் சொல்லுங்கம்மா, இறக்கிர்றேன்."

"இத்தனை வருசமா வானத்தைக் கட்டுப்படுத்துறேன். எனக்கென்ன பயம்?" என்றார் அவர். சொல்லும்போது ஸ்டான்லியின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார்.

விமானம் மேலே ஏறியது. இதுதான் கடைசி என்று ஸ்டான்லிக்குத் தெரியும். அதனால் அவசரப்படாமல் ஓட்டினார். முருங்கைத் தோப்புகள் பாசி படிந்த மாதிரிக் கிடந்தன. பூக்காடுகள் மஞ்சளும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாக. மலைக்கோட்டைப் பாறை, யாரோ ஊருக்கு நடுவில் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோன தலையணை போல. மேற்கே கன்னிவாடிக்குப் பின்னால் மலைத்தொடர் நீலமாக நின்றது.

ஹெட்போனில் சொர்ணலட்சுமி அம்மாவின் குரல் கேட்டது, அலுவலகத்தில் கேட்டறியாத ஒரு சின்னக் குரல்.

"கோடு எங்க?"

"அன்னைக்கு நானும் அதைத்தாம்மா பாக்காம விட்டேன்."

"மேப்புல அவ்வளவு தடியா இருக்குமே."

"மேப்புல இருக்கும்மா."

அவர் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துத் தேடினார். கீழே சின்னாளபட்டி. மொட்டை மாடிகளில் சாயம் போட்ட சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மாடியில் ஒரு வயதான பெண் குச்சியை ஆட்டிக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவில் அனுமதி கேட்டு, அனுமதி வாங்கி, ஸ்டான்லி இந்த முறை முறைப்படி கோட்டைத் தாண்டினார்.

"சம்பவ இடம் வந்துருச்சும்மா. ஆணையக் குடுங்க."

சொர்ணலட்சுமி அம்மா ஃபைலைத் திறக்கவில்லை. வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஸ்டான்லி, அகரம் எந்தப் பக்கம்?"

"திண்டுக்கல்லத் தாண்டி வடக்க. ஏம்மா?"

"நான் அகரத்துல பிறந்தவ." கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "அது சம்பவ இடத்துக்குள்ள வராது, இல்ல?"

"வராதும்மா."

"சுற்றுப்புறத்துல வருமா?"

ஸ்டான்லி யோசித்தார். "எம்புட்டுத் தூரம் சுத்துறோங்கிறதைப் பொறுத்தது."

"சுற்றுப்புற ஆய்வு பண்ணாம ஆணை வழங்கினா செல்லாது" என்றார் அதிகாரி. "திருப்புங்க."

குடகனாற்று மணல், தாடிக்கொம்புக் கோபுரம், அகரத்துத் தோட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. "அந்தக் கெணறு! அதுல எங்க அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கினான். இம்புட்டுக்காணு இருக்கு!" என்று கையைத் தட்டினார். தட்டுவதற்காக விட்ட சட்டைக் கையை அப்புறம் பிடிக்கவே இல்லை. "இன்னொரு சுத்து போங்க. சரியாப் பாக்கலை."

இறங்கியபோது விக்னேஷ்குமார் பேனாவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "ஆணை வழங்கப்பட்டதுன்னு எழுதிரவா மேடம்?"

சொர்ணலட்சுமி அம்மா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். மல்லிகை கலைந்து கிடந்தது. "எழுதுங்க. மேகமூட்டம் காரணமாகச் சம்பவ இடத்தைத் துல்லியமாகக் கண்டறிய இயலவில்லை."

விக்னேஷ்குமார் நிமிர்ந்து பார்த்தார். வானம் கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. "மேகமே இல்லையே மேடம்."

"கீழ இருந்து பாக்குற உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த சனிக்கிழமை மறுபடி வர்றோம்."

அடுத்த சனிக்கிழமை காற்று அதிகம் என்று எழுதினார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை சம்பவ இடம் கிடைத்துவிட்டது, ஆனால் ஆணையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. இதற்கிடையில் லைசென்ஸ் காலாவதியாகும் நாள் வந்தது. ஸ்டான்லி, சரி இத்தோடு முடிந்தது என்று நினைத்தார். அலுவலகத்திலிருந்து அவசரக் கடிதம் பறந்தது. உயிரோடு இருக்கும் லைசென்ஸை மட்டுமே ரத்து செய்ய முடியும், ஆகவே ரத்து செய்வதற்கு ஏதுவாக மேற்படியாரின் லைசென்ஸை உடனே புதுப்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது, என்று. மேலிடத்தில் அதைப் படித்தவர்களுக்கு அதில் ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் இன்னாசியம்மாள் இரண்டு பேருக்கு இட்லியும், தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடியும் கட்டிக் கொடுக்கிறார். "அந்தம்மா வெறும் வயித்தோட வரும், மேல போயித் தலை சுத்தும்" என்கிறார். மிக்ஸி இன்னும் ஓடவில்லை, அம்மியில்தான் அரைக்கிறார். ஆணை தயாராகவே இருக்கிறது. வழங்கும் பணி நடந்துகொண்டிருக்கிறது. மேற்கே கன்னிவாடி, அந்தப் பக்கம் ஆத்தூர் அணை என்று சுற்றுப்புறமும் மாதத்துக்கு மாதம் விரிந்துகொண்டே போகிறது.

போன சனிக்கிழமை இறங்கியதும் விக்னேஷ்குமார் வழக்கம்போலப் பேனாவோடு ஓடி வராமல், தயங்கித் தயங்கி நடந்து வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"மேடம், உங்களுக்கும் வயசாகுது. வாரா வாரம் அலையுறீங்க. ஒரு தடவை நான் போய் ஆணையை வழங்க முடியுதான்னு பாத்துட்டு வரட்டுமா?"

கதை இவ்வளவுதான். உங்களுக்கும் ஏதாவது ஒரு ஆபீஸில் இப்படித் தெரியாமல் ஒரு கோட்டைத் தாண்டி மாட்டிக்கொண்ட அனுபவம் இருக்கும், இல்லாமல் போகாது. ரேஷன் கடையாக இருந்தாலும் சரி, ரயில்வேயாக இருந்தாலும் சரி, எழுதி அனுப்புங்கள். யார் என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், கடைசியில் எப்படி வெளியே வந்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். இன்னும் வெளியே வராதவர்கள் உள்ளே இருந்தே எழுதலாம்.